லொக் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது?

கேள்வி: வணக்கம் ஐயா. திருகோணமலை நகரில் தலைமை அலுவலகமும் மூதூர், கிண்ணியா, நிலாவெளி ஆகிய இடங்களில் கிளைகளும் உள்ள ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன். கணினிப் பிரிவுக்கு நான் ஒருத்திதான். சுமார் 40 கணினிகள், ஒரு சேவர். சேவரின் டிஸ்க் நிரம்பும்போதெல்லாம், கணினியில் யார் எப்போது என்ன செய்தார் என்று தானாக எழுதப்படும் லொக் கோப்புகளில் பழையவற்றை அழித்துவிடுவேன். வேலைக்கு வந்தபோது அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். போன மாதம், ஓர் அங்கத்தவரின் கடன் மீதி நான்கு மாதங்களுக்கு முன்பு மாற்றப்பட்டிருப்பது தெரியவந்தது. யார் மாற்றியது என்று கணக்காய்வாளர் கேட்கிறார். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அந்த நேரம் மூதூர்க் கிளையில் இருந்த ஒரு தற்காலிக ஊழியர் மேல் எல்லோருக்கும் சந்தேகம். இனி எல்லா லொக்கையும் காலாகாலத்துக்கும் வைத்திரு என்கிறார் தலைவர். பொது முகாமையாளரோ, ஒரு மாதத்துக்கு மேல் எதையும் வைக்காதே, பிறகு அதுவே வில்லங்கமாகும் என்கிறார். நான் எதைச் செய்வது? கிளைகளில் காசாளர்கள் எல்லோரும் ஒரே பயனர் பெயரில்தான் மென்பொருளுக்குள் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

எத்தனை நாள் என்பதற்கு முன் அந்த மூதூர் ஊழியரைப் பற்றிப் பேசிவிடுவோம். ஒருவருடைய வேலையும் பெயரும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பதிவு இல்லாத இடத்தில் சந்தேகம் நிரந்தர நியமனம் இல்லாதவர் மேலும் புதிதாக வந்தவர் மேலும்தான் போய் விழும். அவர் செய்தும் இருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். கையில் உள்ளதை வைத்து இரண்டையும் சொல்ல முடியாது என்பதைப் பொது முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் அது கூட்டத்தில் நிற்காது.

அப்புறம், இன்றிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம். டிஸ்க் நிரம்பினால் ஒரு வெளி டிஸ்க் வாங்கி அதற்கு மாற்றுங்கள். லொக் அழிந்துவிட்டது என்பதற்காகத் தடயமே இல்லை என்று ஆகிவிடாது. இரவில் தரவுத்தளத்துக்கு பேக்கப் எடுப்பீர்கள் அல்லவா? நான்கைந்து மாதத்துப் பிரதிகள் எங்காவது இருந்தால், அவற்றை வேலை செய்யும் சேவரில் அல்லாமல் வேறொரு கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த ஒரு கடன் கணக்கின் மீதியை மட்டும் பாருங்கள். எந்த இரவுக்கும் எந்த இரவுக்கும் நடுவில் எண் மாறியது என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு பிரதிதான் இருக்கிறது என்றாலும் தேட வேண்டிய காலம் நான்கு மாதத்திலிருந்து ஏழு நாளாகச் சுருங்கும். பிறகு அந்த நாட்களின் ஊழியர் வரவுப் பதிவேட்டையும் லீவுப் படிவங்களையும் எடுங்கள். கைரேகை இயந்திரம் இருந்தால் அதன் பதிவையும் சேருங்கள். அன்று கவுண்டரில் யார் யார் இருந்தார்கள், அச்சிட்ட பற்றுச்சீட்டுகளில் என்ன இருக்கிறது, அங்கத்தவரின் பாஸ்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஊழியர் அன்று லீவில் இருந்திருந்தால் விசாரணை வேறு பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். அவர் இருந்திருந்தாலும், இருந்தார் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

மூதூர்க் கிளையின் கணினிகளையும் உடனே பாருங்கள். விண்டோஸில் பாதுகாப்பு லொக்கின் அளவு, யாரும் மாற்றாவிட்டால், 20 எம்பி. நிரம்பியதும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். ஆனால் வேலை குறைந்த கவுண்டர் கணினியில் அந்த 20 எம்பிக்குள் பல வாரத்துப் பதிவு கிடப்பதும் உண்டு. விண்டோஸில் லொக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, பார்ப்பதற்கு முன்பே முழு லொக்கையும் கோப்பாகச் சேமித்து எடுத்துக்கொள்ளுங்கள். 4624 என்ற எண் ஒருவர் உள்நுழைந்ததைச் சொல்லும், 4625 முயன்று தோற்றதைச் சொல்லும். 1102 இருந்தால் யாரோ அந்த லொக்கை வேண்டுமென்றே துடைத்திருக்கிறார்கள்.

இனி நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் மிகப் பெரியதாகத் தெரிகிறது. ஒரு கிளை முழுவதும் ஒரே பயனர் பெயரில் உள்ளே போனால், நீங்கள் பத்து வருடத்து லொக்கை வைத்திருந்தாலும் அதில் கிளையின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. கணக்காய்வாளரின் கேள்வி ‘யார்’ என்பது. அதற்குப் பதில் சொல்ல முடியாத லொக்குக்கு நீங்கள் வாங்கும் டிஸ்க் வீண் செலவு. ஆகவே வைத்திருக்கும் காலத்தைப் பற்றிச் சங்கத்தின் நிர்வாக சபையில் பேசுவதற்கு முன், காசாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல் என்பதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது கணினியைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கமும் இதோடு வர வேண்டும்.

எதிர்ப்பு வரும். நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைப்பார்கள். அவர்களிடம் மூதூர் ஊழியரையே உதாரணமாகச் சொல்லலாம், பெயரை விட்டுவிட்டு. தனிப் பெயர் இருந்திருந்தால், அவர் செய்யாதவராக இருந்தால், அரை மணி நேரத்தில் அவரை விடுவித்திருக்கலாம். நல்ல லொக் முதலில் காப்பாற்றுவது தவறு செய்யாத ஊழியரைத்தான். நான் இந்த வேலையை மதிப்பதற்கு அதுவே காரணம்.

சரி, எத்தனை நாள்? உங்கள் தலைவரும் பொது முகாமையாளரும் ஒரே எண்ணைத் தேடுகிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. ஒவ்வொரு லொக்கையும் எடுத்து, இதைப் பற்றி எவராவது கேள்வி கேட்பதென்றால் எவ்வளவு காலம் கழித்துக் கேட்பார் என்று யோசியுங்கள். அந்தக் காலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஊடுருவுகிறவர்களைப் பற்றி மண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. கண்டுபிடிக்கப்படும்வரை அவர்கள் உள்ளே இருந்த இடைநிலைக் காலம் (பாதிச் சம்பவங்களில் இதைவிடக் குறைவு, பாதியில் கூடுதல்) 2011இல் 416 நாளாக இருந்து, 2023இல் 10 நாளாகக் குறைந்தது. ஆனால் உள்ளே நடக்கும் கணக்கு மாற்றம் அப்படி வேகமாக வெளிவராது. அங்கத்தவர் பாஸ்புத்தகத்தோடு வரும்போதோ கணக்காய்வு நடக்கும்போதோதான் அது தெரியும். உங்களுக்கே நான்கு மாதம் எடுத்திருக்கிறது. கணக்காய்வு தாமதமானால் ஒன்றரை வருடமும் ஆகலாம். ஒரு மாதக் கணக்குக் கொஞ்சமும் சரிவராது என்பதற்கு உங்கள் அனுபவமே போதும்.

கடன், வைப்பு, வட்டி ஆகியவற்றை யார் எப்போது மாற்றினார், பழைய எண் என்ன, புதிய எண் என்ன என்று மென்பொருள் எழுதும் மாற்றப் பதிவை லொக் என்றே நினைக்காதீர்கள். அது பேரேட்டின் ஒரு பகுதி. பேரேட்டை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு காலம் இதையும் வையுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி கொடுக்கல்வாங்கல் பதிவுகளை 6 ஆண்டுகள் பேணுகின்றன. உங்கள் சங்கத்துக்கும் அதையே அளவாக எடுத்துக்கொள்வது நல்லது. கூட்டுறவுத் திணைக்களம் அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதன்படி செய்யுங்கள்.

உள்நுழைவு, கடவுச்சொல் மாற்றம், புதுப் பயனர் உருவாக்கம், சேவரின் பாதுகாப்பு லொக் ஆகியவற்றுக்கு நான் சொல்வது ஒன்றரை வருடம். அட்டைப் பணக் கொடுப்பனவுகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை குறைந்தது 12 மாதம் கேட்கிறது. அதில் கடைசி 3 மாதம் உடனே தேடிப் பார்க்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் அட்டை வாங்காவிட்டாலும் இந்தப் பிரிவினை நல்லது: அண்மைய 3 மாதம் சேவரில், மீதி சுருக்கி வெளி டிஸ்க்கில். ஒன்றரை வருடம் என்று நான் கூட்டிச் சொல்வது கணக்காய்வுத் தாமதத்தை நினைத்துத்தான். ரவுட்டர், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வோல் இவற்றின் போக்குவரத்து லொக்குக்கு 6 மாதம் போதும். மென்பொருள் கோளாறு பார்க்க எழுதும் விரிவான லொக்கை இரண்டு வாரத்தில் தூக்கிவிடலாம். டிஸ்க்கை நிரப்புவது பெரும்பாலும் இதுதான். முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

இடம் போதாது என்ற கவலைக்கு ஒரு கணக்கு. 40 கணினிகள், ஒவ்வொன்றும் நாளுக்கு 10,000 வரி, ஒரு வரி 500 பைட் என்று வைத்தால் நாளுக்கு 200 எம்பி. வருடத்துக்கு 73 ஜிபி. லொக் என்பது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் எழுத்து என்பதால் நன்றாகச் சுருங்கும். பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் ஏழெட்டு ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கும் அளவு. அதனால் அழிப்பதா வைப்பதா என்பதை டிஸ்க்கின் விலை தீர்மானிக்க விடாதீர்கள்.

பொது முகாமையாளரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிவிட வேண்டாம். யார் எந்த இணையதளத்துக்குப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதெல்லாம் ஊழியரின் சொந்த விஷயங்களையும் காட்டும். நோயைப் பற்றித் தேடியிருப்பார், வேறு வேலை தேடியிருப்பார். அதை வருடக்கணக்கில் சேர்த்துவைக்க உங்களுக்குத் தேவையும் இல்லை, உரிமையும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கையும் இதுவே: எந்த நோக்கத்துக்காக எடுத்தோமோ அதற்குத் தேவையான காலம் மட்டும். இணைய உலாவல் பதிவை 30 முதல் 60 நாளுக்குள் வையுங்கள். இப்படி ஒரு பதிவு எடுக்கப்படுகிறது என்பதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தலாக ஒட்டுங்கள். தலைவர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் காலாகாலத்துக்கும் வைத்திருந்தால் ஒருநாள் அது தவறான கையில் போய்ச் சேரும். அதோடு, அவசரத்தில் பயனர் பெயர்க் கட்டத்தில் கடவுச்சொல்லை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. தோற்றுப்போன அந்த முயற்சி லொக்கில் அப்படியே பதிவாகிவிடும். லொக்கைத் திறந்து பார்க்க யாருக்கு அனுமதி என்பதைக் கட்டாயம் எழுதிவைக்க வேண்டியது இதனால்தான்.

நீங்கள் முடிவு செய்யாவிட்டால் கருவிகள் தாங்களாகவே முடிவு செய்துவிடும் என்பதையும் சபைக்குச் சொல்லுங்கள். பல லினக்ஸ் சேவர்களில் வாரத்துக்கொரு முறை புதிய லொக் கோப்பு தொடங்கி, பழைய கோப்புகளில் நான்குதான் நிற்கும். மைக்ரோசொஃப்ட் 365 மின்னஞ்சல் வைத்திருந்தால், வழமையான சந்தாவில் கணக்காய்வுப் பதிவு 180 நாள். 2023 ஒக்டோபருக்கு முன் அது 90 நாள்தான். சிறிய ரவுட்டர்கள் பல, லொக்கைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருப்பவை. கரண்ட் போனால் லொக்கும் போய்விடும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கி மின்னலும் காற்றும் வந்தால் நம்மூரில் கரண்ட் எத்தனை முறை போய்வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே லொக் பிறந்த இடத்திலேயே கிடக்கக்கூடாது. தலைமை அலுவலகத்தில் ஒரு பழைய கணினியை எடுத்து லினக்ஸ் போட்டு, லொக்கை ஓரிடத்தில் சேர்க்கும் ஆர்சிஸ்லொக் என்ற மென்பொருளை நிறுவுங்கள். காசு செலவில்லை. சேவர், ரவுட்டர், ஃபயர்வோல் எல்லாம் தங்கள் லொக்கை அந்தந்தக் கணத்தில் அதற்கு அனுப்பட்டும். விண்டோஸ் கணினிகளின் பதிவுகளை ஓரிடத்தில் சேர்க்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். அனுப்பும் பக்கத்து ஆர்சிஸ்லொக்கில் டிஸ்க்கில் வரிசையாகச் சேர்த்துவைத்து இணைப்பு வந்ததும் அனுப்பும் அமைப்பைப் போட்டுவிடலாம். விண்டோஸ் பக்கமும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கிளைகளிலிருந்து வருவது திறந்த இணையத்தில் வராமல், மறையாக்கிய தனி இணைப்பான விபிஎன் வழியாக வரட்டும்.

இந்த லொக் கணினிக்குள் யார் நுழையலாம் என்பதில் ஒரு சங்கடமான விஷயம் உண்டு. அங்கே அழிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கக்கூடாது. சேவரின் முழு அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. ஒருநாள் சந்தேகம் உங்கள் மேலும் திரும்பலாம். பார்க்கும் உரிமை உங்களுக்கு, நிர்வாகக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் உள்ளகக் கணக்காய்வுக்குப் பொறுப்பானவரிடம் என்று வைத்தால், நான் அழிக்கவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்ய வேண்டிய நிலை வராது.

யாராலும் துடைக்க முடியாத பதிவுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1986இல் கலிஃபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் கணினிப் பாவனைக் கட்டணக் கணக்கில் 75 அமெரிக்கச் சதம் இடித்தது. அதைத் துருவிப் போன, அங்கே வேலை செய்த கிளிஃபர்ட் ஸ்டோல் மேற்கு ஜெர்மனியிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்தார். அவர் செய்த முக்கியமான காரியம், வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தியது. வந்தவர் அடித்த ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. கணினிக்குள் எதைத் துடைத்தாலும் அந்தக் காகிதத்தைத் துடைக்க அவரால் முடியாது. உங்களுக்குக் காகிதம் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு முறை லொக்கை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி, வேறொரு கிளையின் பெட்டகத்தில் வையுங்கள். கழற்றி என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2023 ஓகஸ்ட்டில் நம் அரசாங்கத்தின் மேகக் (கிளவுட்) கட்டமைப்பை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியபோது இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. வேறொரு கிளை என்பதற்குக் காரணம் வெள்ளமும் புயலும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

நேரத்தைச் சரிபார்க்க ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஐந்து கருவிகள் ஐந்து நேரம் காட்டினால் எது முதல் நடந்தது என்று சொல்லவே முடியாது. மின்கலம் இல்லாத ரவுட்டர்கள் கரண்ட் போய் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று தொடங்கும் வழக்கம் உண்டு. இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை அந்தத் திகதியிலேயே எழுதும். இலங்கை 1996இல் நேரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்கு மீண்டும் திரும்பியது. சில பழைய கருவிகளில் இலங்கையைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் ஆறு மணி நேர வித்தியாசம் வந்து நிற்கும். சிசிடிவி பெட்டியில் அப்படி அரை மணி பிசகினால், கவுண்டரில் இல்லாதவர் இருந்ததுபோலாகிவிடும். எல்லாக் கருவிகளையும், கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி முறை மூலம் ஒரே நேர சேவருடன் இணையுங்கள்.

பிரச்சினை ஒன்று எழுந்ததும் அழிப்பை நிறுத்தும் வழியும் கொள்கையில் இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, விசாரணைக்குத் தேவையான தகவலை 7 நாள்வரை அழியாமல் வைத்திருக்கும்படி பொலிஸார் எழுத்தில் கேட்கலாம். நீதவான் அதை மொத்தம் 90 நாள்வரை நீடிக்கலாம். அந்த அறிவித்தல் வரும்வரை காத்திருக்காதீர்கள். முறைப்பாடு வந்த அன்றே அது தொடர்பான லொக்கைத் தனியே பிரதி எடுத்து, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு, அந்த எண்ணைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதி இருவர் கையொப்பமிடுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். கணினிச் சான்றுகளை நீதிமன்றம் ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டமும் உண்டு. கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டியிருக்கலாம். அதற்கு உங்கள் சட்டத்தரணியோடு இப்போதே ஒரு முறை பேசிவையுங்கள்.

வைத்திருப்பதை யாராவது பார்க்கவும் வேண்டும். எல்லாவற்றையும் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. திங்கட்கிழமை காலையில் அலுவலக நேரத்துக்கு வெளியே நடந்த உள்நுழைவுகள், புதிதாக முளைத்த பயனர் கணக்குகள், 1102 எங்காவது இருக்கிறதா, எந்தக் கணினியிலிருந்து லொக் வராமல் நின்றுபோயிற்று என்ற நான்கை மட்டும் பாருங்கள். கடைசியில் சொன்னதை அநேகர் பார்ப்பதில்லை.

அடுத்த சபைக் கூட்டத்துக்கு ஒரு பக்கத்தில் கொள்கை எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த லொக், எவ்வளவு காலம், யார் பார்க்கலாம், யார் அனுமதியோடு அழியும், எப்போது அழிப்பு நிற்கும். காலம் முடிந்ததும் அழிப்பது கைவேலையாக இல்லாமல் தானாக நடக்கும்படி அமைத்து, அழித்த திகதியையும் பதிவு செய்யுங்கள். கூட்டத்துக்கு முன் மென்பொருள் விற்றவரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மீதியை மாற்றும்போது பழைய எண்ணையும் மாற்றியவர் பெயரையும் உங்கள் மென்பொருள் எழுதிவைக்கிறதா என்பது அது. பல மென்பொருள்களில் அந்த வசதி இருந்தும் மூடிவைக்கப்பட்டிருக்கும், திறந்துவிடச் சொன்னால் போதும். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே சபைக்கு முன் வையுங்கள். அடுத்த வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையொப்பம் வைப்பதற்கு முன் அது தீர்க்கப்பட வேண்டும்.